பேச்சி காயில் கட்டிய கதை

போன வாரம் தையல் மெஷின்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு பழங்காநத்தத்திலிருந்து ஒரு போன் வந்தது.

"மிஸ், எம்புட்டு நாளைக்குத்தான் தையலப் பத்தியே எழுதுவீங்க? எங்களப் பத்தி எப்ப எழுதப் போறீங்க?"

எழுதலாமா என்று கேட்டேன்.

"தாராளமா எழுதுங்க. பேர மட்டும் மாத்திருங்க. அப்புறம், நான் அழுதேண்டு எழுதக் கூடாது."

மாற்றுப் பெயரையும் அவளே சொன்னாள். பேச்சி. வாய் திறக்காமல் எங்கள் இல்லத்துக்குள் வந்தவள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் அது. சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

கை தட்டினார்கள்

தீபாவளிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை. மதுரை கோச்சடையில், எங்கள் பெண் பிள்ளைகள் இல்லத்துச் சமையலறையில் முறுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பெரிய இருப்புச்சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. எள்ளும் ஓமமும் சேர்ந்த வாசம் வாசல் கேட் வரைக்கும் போயிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் குஷியாக இருந்தார்கள். பிழிவதைவிட வாய்க்குள் போவதுதான் அதிகம்.

அன்றைக்கு இல்லத்துக்கு உதவி செய்கிற ஒரு பெரியவரும் அவர் மனைவியும் பார்க்க வந்திருந்தார்கள். நல்ல மனிதர்கள். பேச்சி வந்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சுவர் ஓரமாக நின்றாள். அவளும் கலந்துகொள்ளட்டுமே என்று அந்த அம்மா பிரியமாக முறுக்கு பிழிகிற உழக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

பேச்சி உட்கார்ந்தாள். மாவை அள்ளி அடைத்தாள். பிழிய ஆரம்பித்தாள்.

நான் அப்படி ஒரு வேகத்தைப் பார்த்ததில்லை. கை சுற்றுவதே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்றைப் போலவே ஒன்று, அளவு மாறாமல், விரிந்த துணி முழுக்க முறுக்குகள் விழுந்துகொண்டே இருந்தன. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பெரியவர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

"இந்தப் பிள்ளைக்குப் பயிற்சியே வேண்டாமே. இவளே ஒரு கம்பெனி வைக்கலாம்" என்றார் அவர்.

மாவு தீர்ந்துபோனது. பேச்சியின் கை நிற்கவில்லை. காலி உழக்கை வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தாள். தலை நிமிரவில்லை. நான் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அப்போதுதான் நின்றது. எழுந்து வெளியே போய்விட்டாள்.

தையல் டீச்சர் என்கிற நான்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் அந்த இல்லத்துக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போனவள். அப்பா அம்மா இல்லாத பெண் பிள்ளைகள், வேலைக்கென்று கூட்டிப் போய் வதைக்கப்பட்டு மீட்கப்பட்ட பிள்ளைகள், இவர்களுக்கான இல்லம் அது. பதினெட்டு வயது முடிந்தால் வெளியே போயாக வேண்டும். போகும்போது கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும்.

தொழில் என்று நாங்கள் வைத்திருந்தது தையல், மெழுகுவத்தி, ஊறுகாய், முறுக்கு. பெண் பிள்ளைகளுக்கென்று யாரோ எந்தக் காலத்திலோ முடிவு செய்துவிட்டுப் போன பாடத்திட்டம். எனக்கும் அதில் ஒன்றும் விசித்திரமாகத் தோன்றியதில்லை. என் வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். தாத்தா நெசவு, அப்பா ஜவுளிக் கடை, நான் தையல். நூலை விட்டு யாரும் வெளியே போனதில்லை.

வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. அதனால் எனக்கு ஒரு வசதி இருந்தது. பிள்ளைகள் மேல் எரிச்சல் வந்தால் என் தங்கைக்குப் போன் போட்டு, அவர்கள் எதிரிலேயே எங்கள் பாஷையில் புலம்பித் தீர்த்துவிடுவேன். யாருக்கும் ஒன்றும் புரியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொட்டிக்குப் பின்னால்

முறுக்கு நாளுக்கு வருகிறேன். பேச்சி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அழுதாளா என்பதை எழுதக் கூடாது என்று உத்தரவு. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.  அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அவளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பேச்சியையும் தங்கை மாரியையும் தாய்மாமன் வைத்துக்கொண்டார். பேச்சிக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயது இருக்கும்போது ஒரு புரோக்கர் ஊருக்கு வந்தான். வடக்கே, குஜராத் பக்கம் ஒரு ஊரில் முறுக்குப் போடுகிற வேலை. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் உண்டு என்றான். மாமன் முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அங்கே எழுந்த இடத்திலேயே வேலை, வேலை செய்த இடத்திலேயே தூக்கம். கை நின்றால் அடி. அதிகாரிகள் மீட்டு ரயிலேற்றி அனுப்பிய பிள்ளைகளில் ஒருத்தி பேச்சி.

அவள் கையில்தான் நாங்கள் உழக்கைக் கொடுத்திருந்தோம்.

நிர்வாகி அம்மாவிடம் சொன்னேன். "அவளுக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்றார் அவர். கேட்டேன். பதில் இல்லை. தையல் வகுப்பில் உட்கார வைத்தேன். சொன்னதைச் செய்தாள். அம்புட்டுத்தான்.

பாணி

பிறகு ஒரு நாள் காலையில் இல்லத்து மோட்டார் கருகிவிட்டது.

முப்பது பிள்ளைகள், பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம், சொட்டுத் தண்ணீர் இல்லை. குளித்தவர்கள் பாதி, சோப்புப் போட்டுக்கொண்டு நிற்பவர்கள் பாதி. வைகை பக்கத்தில்தான் இருக்கிறது, அதில் மணலும் நாணலும்தான் இருந்தன. நான் தங்கையைப் போனில் பிடித்து எங்கள் பாஷையில் கொட்டித் தீர்த்தேன். தண்ணீருக்கு எங்கள் பாஷையில் பாணி. அந்த வார்த்தையை அன்றைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

போனை வைத்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்.

"தண்ணி வராதா மிஸ்? லாரி சொல்லணும்டு உங்க தங்கச்சிட்டச் சொன்னீங்களா?"

திரும்பினால் பேச்சி.

அவள் குரலை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன். கொஞ்சம் கட்டைக் குரல். குஜராத்தில் இருந்த வருஷங்களில் அந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு வந்திருந்தது. எங்கள் பாஷையும் அதற்கு உறவுதானே. பாதிக்குப் பாதி பிடித்துக்கொண்டுவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இத்தனை நாளா நான் போன்ல பேசினதெல்லாம் உனக்குப் புரிஞ்சுதா?"

"எல்லாம் புரியாது மிஸ். திட்டுறது புரியும்."

பக்கத்தில் சோப்பு நுரையோடு நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேச்சியும் சிரித்தாள். அன்றிலிருந்து தங்கையோடு பேச மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தேன்.

மோட்டாரைக் கழற்ற பழங்காநத்தத்திலிருந்து காதர் பாய் வந்தார். அதிகம் பேசாதவர். மூடியைக் கழற்றி உள்ளே இருந்த, காயில் என்கிற செப்புக் கம்பிச் சுருள்களைக் காட்டினார். கரிக்கட்டையாக இருந்தன. தீய்ந்த நாற்றம். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பேச்சி மட்டும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"இதப் பூராம் பிச்சு எடுத்துட்டுப் புதுசு சுத்துவீங்களாண்ணே?"

"ஆமா. காயில் கட்டணும்."

"சுத்துனா மறுபடி ஓடுமா?"

"கரெக்டாக் கட்டுனா புதுசு மாதிரி ஓடும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "மிஸ், இத நான் பாக்கணும்" என்றாள். கற்றுக்கொள்ள வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜரினா அக்கா வீட்டில்

பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி அவளைப் பழங்காநத்தம் கூட்டிப் போனேன். காதர் பாயின் கடை முன்னால், வீடு பின்னால். கடையில் அவர் கழற்றுவதும் மாட்டுவதும்தான். உண்மையில் காயில் கட்டுவது வீட்டுக்குள் அவர் மனைவி ஜரினா. முப்பத்தைந்து வயது இருக்கும். தரையில் பாய் விரித்து, சுற்றிலும் கம்பி உருளைகளும் காகிதத் துண்டுகளும் நூல்கண்டும் பரப்பி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வார்னிஷ் டப்பா. அடுப்பில் குழம்பு. இரண்டு வாசமும் கலந்து வந்தது.

"கூட ஒரு ஆளத் தா அல்லாண்டு கேட்டுக்கிட்டே இருந்தேன் டீச்சர். நீங்க கூட்டிட்டு வந்து நிக்கிறீங்க. உக்காரு பிள்ள. பேரு என்ன? சாப்புட்டியா? ஷாக்குக்குப் பயமா? எனக்கும் பயந்தான். பயந்தா நல்லது, மறக்காம சுவிட்ச அமத்திட்டுத் தொடுவம்ல" என்றார் மூச்சு விடாமல்.

பேச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தடவை தலையாட்டினாள்.

இல்லத்தின் நிர்வாகக் குழுவில் இது எளிதாக நடக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு மோட்டாரா? நாளைக்கு ஷாக் அடிச்சா யார் பொறுப்பு?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆம்பளப் பிள்ளைக்கு அடிச்சா யார் பொறுப்போ, அவங்கதான்" என்றார் நிர்வாகி அம்மா.

அதற்குள் காபி வந்துவிட்டது.

நான் எதிர்பார்த்தது ஒன்று. முறுக்கில் பார்த்த அந்த வேகம் இதிலும் வரும், சீக்கிரமே தேர்ந்துவிடுவாள் என்று. நடந்தது நேர்மாறு. பேச்சியைப் போல மெதுவாக வேலை செய்கிற ஆளை ஜரினா அக்கா பார்த்ததே இல்லை. பழைய கம்பியைப் பிய்த்தெடுத்து, உள்ளே இருக்கிற பள்ளங்களைத் துடைத்து, ஒவ்வொன்றிலும் காகிதம் சொருகி, புதுக் கம்பியை அச்சில் சுற்றி, பள்ளத்தில் இறக்கி, நூலால் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள்.

"ஒரு மோட்டாருக்கு இம்புட்டு நேரமா? மழக்காலம் வந்துரும் போல. ஆளுக வாசல்ல நிக்கிறாக பிள்ள" என்று ஜரினா அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

"நிக்கட்டும்க்கா. நான் மெதுவாத்தான் செய்வேன்" என்பாள் பேச்சி.

ஒரு நாள் அவளிடம் கேட்டேன், ஏன் இவ்வளவு மெதுவாகச் செய்கிறாய் என்று.

"யாரும் அடிக்க மாட்டாங்கல்ல மிஸ்" என்றாள். அதைச் சொல்லும்போது முகத்தில் வருத்தமே இல்லை. ஐஸ்கிரீமை மெதுவாகச் சாப்பிடுகிற பிள்ளையைப் போல இருந்தாள்.

அவள் தனியாகக் கட்டிய முதல் மோட்டார் சோதனைக்குப் போட்ட அடுத்த நிமிஷமே புகைந்துவிட்டது. பேச்சி ஓடிப்போய் சுவிட்சை அமர்த்தினாள். ஜரினா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நான் கட்டுன முதல் மோட்டாரு எங்க மாமியார் வீட்டு மோட்டாரு. வீடே புகைஞ்சுச்சு. இன்னைக்கு வரைக்கும் பேசிக் காட்டுறாக. நீ பரவால்ல, பிச்சு எடு" என்றார்.

பிய்த்து எடுத்தாள். மறுபடி கட்டினாள். அது ஓடியது.

கொஞ்ச நாளில் பேச்சிக்கும் ஜரினா அக்காவின் வாய் ஒட்டிக்கொண்டது. இல்லத்துக்கு வந்தால் பேச்சு நிற்காது. பதினெட்டு வயது முடிந்ததும் ஜரினா அக்கா வீட்டு மாடியில் ஒரு அறையில் குடியேறினாள். நாங்கள் ஒரு ஸ்டவ்வும் போர்வையும் கொடுத்து அனுப்பினோம். கூடவே ஒரு தையல் மெஷினும் தரலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "வேணாம் மிஸ், கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

மாரி

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதும் ஒரு முள் இருந்தது. தங்கை மாரி இன்னும் மாமன் வீட்டில்தான் இருந்தாள். எட்டாம் வகுப்பு. பேச்சி போன் பண்ணினால் அத்தைதான் எடுப்பாள். "மாரி இல்ல" என்று ஒரே வார்த்தை. போன் வைக்கப்படும். நேரில் போனபோது மாமன் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார்.

மாரியை இல்லத்துக்கு அனுப்பச் சொல்லி நாங்கள் குழந்தைகள் நலக் குழுவில் மனுக் கொடுத்திருந்தோம். மாமன் அங்கே வந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள், எனக்கு மகள் மாதிரி என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். வருகிறாள் என்றுதான் பதில் வந்தது. மனு அப்படியே நின்றது.

"அந்தப் பொம்பள இருக்காள்ல, எங்கத்தை, அவதான் மிஸ் எல்லாத்துக்கும் காரணம்" என்று பேச்சி பல்லைக் கடிப்பாள். "அன்னைக்கு நான் வண்டியேறும்போதும் ஒரு வார்த்தை பேசல. உள்ளயே நின்னா."

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மத்தியானம் ஜரினா அக்கா எனக்குப் போன் செய்தார்.

"டீச்சர், கொஞ்சம் வாங்க. பேச்சி ஊர்லருந்து மோட்டாரு வந்துருக்கு. கட்ட மாட்டேண்டு ஒக்காந்துருக்கா."

ஊர் என்றால் ஒத்தக்கடை தாண்டி, மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற போர் மோட்டார் கருகிவிட்டது. ஊராட்சித் தலைவரம்மா லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தானே கூட வந்திருந்தார். நாற்பது வயதுக்காரர். இதே ஊர் வயல்களில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். இப்போது சொந்தமாக மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் சேலைத் தலைப்பிலிருந்து பூ வாசம் வந்துகொண்டிருந்தது.

நான் போனபோது பேச்சி மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஊருக்கு நான் ஏன் மிஸ் தண்ணி குடுக்கணும்? என்னைய ஏத்தி விட்டப்ப அம்புட்டுப் பேரும் வேடிக்கதான பாத்தாங்க."

  ஜரினா அக்கா கீழேயிருந்து, "இஷ்டமில்லேண்டா விடு பிள்ள, நான் கட்டுறேன். ரெண்டு நாள் ஆகும், எனக்குக் கை வலி" என்று குரல் கொடுத்தார்.

பேச்சி எழுந்தாள். பிறகு, "மாரியும் அந்தத் தண்ணியத்தான குடிக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கி வந்தாள்.

போர் மோட்டார் வேறு மாதிரி. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஒவ்வொரு துளையாகக் கையால் கோத்து இழுக்க வேண்டும். அவளும் ஜரினா அக்காவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒருத்தி தள்ள ஒருத்தி இழுக்க, மறுநாள் முழுக்கக் கட்டினார்கள். மோட்டார் வேலையில் முதல் தடவையாக பேச்சி கொஞ்சம் வேகமாக வேலை செய்ததைப் பார்த்தேன்.

சொந்த ஊரில்

மோட்டாரோடு நானும் போனேன். யானைமலையைத் தாண்டும்போது பேச்சி பேச்சை நிறுத்திவிட்டாள். ஜரினா அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

போர் இருந்த இடம் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே. குடங்களோடு பெண்கள் கூடியிருந்தார்கள். காதர் பாயும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் கப்பியில் கயிறு போட்டு மோட்டாரைக் குழாயோடு இறக்கினார்கள். ஒயர் இணைப்பெல்லாம் பேச்சி. கூட்டத்தில் மாமன் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கொஞ்சம் தள்ளி அத்தை. அவள் பக்கத்தில் ஒல்லியாக, இரட்டைச் சடை போட்டு ஒரு சிறுமி. பேச்சியின் அதே கண்கள். மாரி.

பேச்சி அந்தப் பக்கம் பார்க்காமலே ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

மோட்டார் ஓடியது. குழாயில் தண்ணீர் வந்தது, நூல் மாதிரி. குடத்தின் அடிகூட நனையவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு.

"நாந்தான் சொன்னேன்ல, சின்னப் பிள்ளக கையில குடுத்தா இப்பிடித்தான் ஆகும்" என்றார் மாமன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

 பேச்சி மோட்டாரை நிறுத்தினாள். மெயின் சுவிட்சை அமர்த்தினாள். ஸ்டார்ட்டரில் மூன்று ஒயர்களில் இரண்டைக் கழற்றி, இடம் மாற்றி மாட்டி, திருகினாள். அவசரமே படவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார் தலைவரம்மா.

"ஒண்ணுமில்லக்கா. ஒயரு மாறிருந்துச்சு, மோட்டாரு திருப்பிச் சுத்துச்சு. இப்பப் பாருங்க."

மறுபடி அழுத்தினாள். குழாய் ஒரு தடவை உறுமியது. பிறகு தண்ணீர் வந்த வேகத்தில் முன்னால் இருந்த பிளாஸ்டிக் குடம் உருண்டு ஓடியது. அதைப் பிடிக்க ஓடிய பெண் மேல் முழுக்கத் தண்ணீர். ஒரே சிரிப்பு. சிறுசுகள் எல்லாம் குழாய்க்கு நேரே போய் நின்றுகொண்டார்கள். தலைவரம்மாவே தண்ணீரை வாரி முகத்தில் அடித்துக்கொண்டார்.

அந்தச் சத்தம் கொஞ்சம் அடங்கியதும் பேச்சி கையைத் துடைத்துக்கொண்டு மாமனிடம் நேரே போனாள்.

"மாமா, மாரிய என்கூட அனுப்புங்க."

"நீயே அடுத்தவுக வீட்டு மாடியில கெடக்க. அவளக் கொண்டுபோயி எங்க வைப்ப?"

"மிஸ் இல்லத்துல இருப்பா. படிப்பா. ஞாயித்துக்கெழம என்கூட இருப்பா."

"ஏன், நாங்க படிக்க வைக்கலயா?" என்று அவர் துண்டை உதறினார்.

அப்போதுதான் அத்தை முன்னால் வந்தாள். நான் அவளை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். காய்ந்துபோன, உயரமான பெண்.

"படிக்க வைக்கப் போறீங்களா? போன வாரம் அந்தப் புரோக்கரு வீட்டுக்கு வந்துட்டுப் போனத நாஞ் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?"

குடம் பிடித்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தது.

"பரீட்ச முடியட்டும், பெறகு மாரிய அனுப்புறேண்டு சொல்லிருக்காரு" என்றாள் அத்தை, தலைவரம்மாவைப் பார்த்து. பிறகு பேச்சி பக்கம் திரும்பினாள். "ஒரு தடவ வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன் பிள்ள. இன்னொரு தடவ என்னால முடியாது. மோட்டார பழங்காநத்தத்துக்குக் கொண்டு போங்கண்டு தலைவரம்மாட்டச் சொன்னதே நாந்தான். நீ அங்க இருக்கண்டு எனக்குத் தெரியும். போன்ல எப்பிடிச் சொல்லுவேன், இவரு பக்கத்துலயே இருப்பாரு. நேர்ல வந்தா இத்தன பேரு முன்னால நீ கேப்பண்டு நெனச்சேன். கேட்டுட்ட."

பேச்சி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தண்ணி பிடிச்சிட்டீங்களாத்த?" என்றாள். அத்தை குடத்தை நீட்டினாள். பேச்சி வாங்கிக் குழாயடியில் வைத்தாள்.

தலைவரம்மா மாமனை விடவில்லை. "அண்ணே, நாளைக்குக் காலைல நீங்களும் நானும் மதுரைக்குப் போறோம். குழந்தைகள் நலக் குழுவுல நீங்களே வாயத் தொறந்து சொல்றீங்க. அந்த ஆளு மறுபடி ஊருக்குள்ள வந்தா நான் போலீசுக்குப் போவேன். சரிதான?"

சுற்றி நின்ற பெண்கள் யாரும் குடத்தைத் தூக்கவில்லை. மாமனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி" என்றார்.

மறுநாள் சொன்னபடி வந்தார். அதற்குப் பிறகும் விசாரணை, கையெழுத்து என்று சில வாரங்கள் ஓடின. அது முடிந்ததும் மாரியை அத்தைதான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு கோச்சடைக்கு வந்தாள். பை நிறையக் கொய்யாப்பழம். பேச்சிக்கென்று தனியாக ஒரு பொட்டலம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை

முதல் ஞாயிற்றுக்கிழமை மாரியை நான்தான் பழங்காநத்தத்தில் கொண்டுபோய் விட்டேன். பேச்சி ஒரு வாரமாகவே ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். பாயில் தனக்குப் பக்கத்தில் இடம். சின்னக் கைக்கு அடங்குகிற மாதிரி புதுக் குறடு ஒன்று, சிவப்புப் பிடி. ஜரினா அக்கா பிரியாணி போட்டிருந்தார்.

"இங்க பாரு மாரி, இதுதான் காயில். இதப் பிச்சு எடுக்கணும், அப்புறம்..." என்று பேச்சி தொடங்கினாள்.

மாரி குறட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கருகிய மோட்டார் பக்கம் குனிந்து முகர்ந்தாள். மூக்கைச் சுளித்தாள். குறட்டை மெதுவாகப் பாயில் வைத்தாள்.

"அக்கா, எனக்கு இது வேணாம்க்கா. நாத்தமடிக்குது."

ஜரினா அக்கா என்னைப் பார்த்தார். நான் பேச்சியைப் பார்த்தேன். அவள் முகம் ஒரு நொடி தொங்கிப்போனது, இல்லை என்று சொல்ல மாட்டேன். குறட்டை எடுத்துத் தன் பெட்டிக்குள் போட்டாள்.

"சரி. வேற என்ன வேணும் உனக்கு?"

"தெரியல. யோசிக்கணும்."

"யோசி. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு பேச்சி கம்பி உருளையை மடியில் வைத்துக்கொண்டாள். மாரி அவள் தோளில் சாய்ந்துகொண்டு, தெருவில் போகிற ஆட்டோக்களை வேடிக்கை பார்த்தபடி யோசிக்க ஆரம்பித்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.